பழம் பறித்து முடியும்வரை

கிண்ணத்தின் அடி மறைகிற அளவுக்குப் பழம் சேர்ந்த பிறகுதான் கோகிலவாணிக்கு அது உறைத்தது. மாடியிலிருந்து இன்னும் இருமல் கேட்கவில்லை. குனிந்தபடியே நின்றுவிட்டாள். இடது கை இலைகளை ஒதுக்கிப் பிடித்திருந்தது. வலது கைக் கட்டைவிரல் நகம் ஒரு பழத்தின் காம்பில் பதிந்திருந்தது, கிள்ளவும் இல்லை, விடவும் இல்லை. கேட்டாள். பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா டீச்சரின் குக்கர் சத்தம் போட்டது. கீழே சாலையில் மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் இறங்கியது. எங்கேயோ ஒரு நாய். மாடி ஜன்னல் எப்போதும்போலச் சாத்தியிருந்தது, உள்ளே இழுத்துவிட்ட திரை அசையவில்லை. தினமும் இவள் கிண்ணத்தோடு பாத்திக்கு வந்து சேர்கிற நேரத்துக்கு அங்கிருந்து இருமல் வரும். சளி இருமல் இல்லை, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவ்வளவுதான். அதற்கப்புறம் நாள் முழுக்க அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வராவிட்டாலும் பரவாயில்லை. யுகேந்திரன் இருக்கிறான், தன் பிள்ளை இன்றைக்கும் இருக்கிறான் என்று அவள் பால் காய்ச்சப் போவாள், துணி ஊறப்போடுவாள், வாசலில் மீன்காரர் வந்தால் விலைகூடப் பேசுவாள். இன்றைக்கு வரவில்லை. அல்லது வந்ததோ? வந்து, இவள்தான் கேட்காமல் விட்டாளோ?

அதுதான் நடந்திருக்கும். பழத்தில் புத்தி போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் காம்போரத் தோள் வெளுத்து அரைச் சிவப்பாக இருந்ததெல்லாம் விடிவதற்குள் காம்புவரை சிவந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை, எப்படி விழும், ஒவ்வொரு இலையின் பல்லிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், இலையைத் தூக்கினால் அடியில் குளிர்ந்து கனத்துத் தொங்குகிற பழம், காம்பை நகத்தால் கிள்ளும்போது வருகிற அந்தச் சின்ன ‘டிக்’, உள்ளங்கையில் விழுகிற கனம், அப்புறம் அந்த வாசனை, கையிலேயே தங்கிவிடுகிற வாசனை. இழுத்துப் பறிக்கக் கூடாது, இழுத்தால் செடி அசைந்து வேர் நோகும். கழுவி வைக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் குழைந்துவிடும். மண்ணில் படவிடக் கூடாது, அதற்காகத்தான் சர்ச் மேட்டுக்குப் போய்ப் பைன் மரத்துச் சருகைச் சாக்கில் அள்ளி வந்து பரப்பியிருக்கிறாள். இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. தனக்காக வாங்கிய செடிகூட இல்லை இது. கோயம்புத்தூர் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஏதாவது செடிகொடி வளர்க்கச் சொல்லுங்கம்மா, கையில் மண் பட்டால் மனசுக்கு நல்லது, என்று சொன்னார். மறுநாளே நர்சரிக்குப் போய் நாற்று வாங்கி வந்தாள். யுகி, வந்து பாரேன் கண்ணு, ஸ்ட்ராபெரிடா, உனக்குப் பிடிக்குமல்ல. அவன் படுத்தபடியே பார்த்தான். அப்புறம்மா, என்றான். நாற்று வாடத் தொடங்கியதும் அவளே மண்ணைக் கிளறினாள், சாணி எருவும் முட்டை ஓடும் போட்டாள், கொடி நீட்டி ஓடுவதையெல்லாம் வெட்டிவிட்டாள், நத்தையை விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் வீசினாள். முதல் பூ வந்தது, வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் பொட்டு. முதல் பழத்தைத் தட்டில் வைத்து அவன் அறை வாசலில் வைத்தாள். சாயங்காலம் அதில் எறும்பு மொய்த்திருந்தது. இரண்டாவது பழத்தை அவளே தின்றாள், இதே இடத்தில் நின்று, கழுவாமல், பனித்தண்ணீரோடு. புளிப்பு முதலில் வந்தது, பிறகு பின்னாலிருந்து அந்த இனிப்பு, அப்படியொரு இனிப்பு, நாக்கின் ஓரமெல்லாம் கூசியது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பிள்ளையே இல்லை. கண்ணைத் திறந்ததும் மாடி ஜன்னல் தெரிந்தது. குழாயடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்தாள், யாராவது மோந்து பார்த்துவிடுவார்கள் என்பதுபோல. அதற்கப்புறம் அவள் சந்தோஷத்தை விட்டுவிடவில்லை, அதுதான் கேவலம், தினமும் விடியும்போது வயிற்றில் ஒரு துள்ளல், இன்றைக்கு எத்தனை சிவந்திருக்கும் என்று, மகன் மேலே செத்துக்கொண்டிருக்கும்போது, சீ, என்ன வார்த்தை அது, எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை.

“வாணி, இன்னைக்கு நெறையப் போல!”

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா டீச்சர், தலையில் மஃப்ளர், கையில் டீ டம்ளர். ரிடையர் ஆகித் தனியாக இருக்கிறார். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

“ஆமாங்க டீச்சர். வெயில் நல்லா அடிச்சுதல்ல ரெண்டு நாளா.”

“தம்பி எங்க, ஆளையே பாக்க முடியறதில்ல? இன்னும் வீட்ல இருந்துதான் வேலையா?”

“வீட்ல இருந்துதாங்க. ராத்திரி பூரா அமெரிக்காக்காரங்களோட மீட்டிங். பகல்ல தூங்கறான்.”

இந்தப் பொய்க்கு இப்போது நல்ல வேர் பிடித்திருந்தது. முதலில் வேலை என்று மட்டும் சொன்னாள், அப்புறம் மீட்டிங் வந்தது, போன தீபாவளிக்கு அவனை டீம் லீடர் ஆக்கிவிட்டாள், டீச்சர் அதற்குக் கேக் கொடுத்துவிட்டார், அந்தக் கேக்கை அவளும் புருஷன் சென்னியப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள். வேலையை விட்டு, இல்லை, வேலைக்குப் போவது நின்று, சென்னை அறையில் பல நாள் படுத்தே கிடந்தவனை நண்பர்கள் காரில் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

“கண்ணு முன்னால இருக்கான், அதுவே கொடுப்பினை. எம்பொண்ணு கனடால உக்காந்துட்டு வாரம் ஒருக்கா மூஞ்சியக் காட்றா, அதுவும் போன்ல” என்றார் டீச்சர். “உனக்கென்ன, மேல அறைக்குப் போனா பையன் இருக்கான்.”

இருக்கான். கேட்டுவிடலாம். டீச்சர், எங்க மாடியிலிருந்து இருமல் கேட்டுச்சுங்களா, என்று கேட்டுவிட்டால் என்ன? ஏன் கேட்கிறாய் என்பார். ஏன் என்று சொன்னால் டீம் லீடர் போய்விடுவான், மீட்டிங் போய்விடும், இந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே கிடந்து அரித்தது.

“டீச்சர், காலைல எங்க வீட்டுப் பக்கம் ஏதாச்சும் சத்தம் கேட்டுதுங்களா?”

“ஏன், காட்டெருமை வந்துச்சா?”

“ஆமாங்க. காட்டெருமைதான். வந்த மாதிரி இருந்துச்சு.”

“ஒரு சத்தமும் இல்லையே. நல்லாத் தூங்கினேன்” என்று டீச்சர் டம்ளரைக் கவிழ்த்து மண்டியைச் செடிக்கு ஊற்றினார். “ஜாம் போடறதா இருந்தா சொல்லு, நானும் வந்து கிண்டறேன்.”

ஒரு சத்தமும் இல்லை. ஒரு சத்தமும் இல்லையே. டீச்சர் உள்ளே போய்விட்டார். கோகிலவாணி அடுத்த செடிக்கு நகர்ந்தாள். கை தானாகப் போனது, இலையை ஒதுக்கியது, பழத்தைத் தேடியது, கிள்ளியது. பறித்துக்கொண்டிருக்கிறவரை ஒன்றும் ஆகவில்லை. பறித்து முடிந்தால் மேலே போகவேண்டும். மேலே போனால் என்னவென்று தெரிந்துவிடும். தெரியாமலிருக்கிற இந்த நேரத்தில் அவன் உயிரோடுதான் இருக்கிறான், அவளுக்கு வேண்டியது இந்த நேரம் கொஞ்சம் நீளவேண்டும், இந்தப் பாத்தி கொஞ்சம் நீளவேண்டும். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது. நேற்று ராத்திரி இரண்டு இட்லி தின்றிருந்தானே, சட்னியைத் தொட்டிருந்தானே, தட்டைத் தானே வெளியே வைத்திருந்தானே. தட்டை ஏன் வெளியே வைத்தான்? எப்போதும் உள்ளேயேதான் கிடக்கும், இவள்தான் போய் எடுப்பாள், நேற்று ஏன் வைத்தான், அதுவும் கழுவி வைத்த மாதிரித் துடைத்து? டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பிய அன்றைக்கும் அவன் அப்படித்தான் இருந்தான், ரொம்ப நல்ல பிள்ளையாக, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்தார்கள். அப்பா வழுக்கை எடுத்துக் கொடுத்ததை வாங்கித் தின்றான். மலை ஏறத் தொடங்கியதும் பின்சீட்டில் இவளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான், தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். கொண்டை ஊசி வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து திரும்பும்போது தற்செயலாகக் குனிந்தாள், அவன் கை கதவின் பிடியில் இருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. கண் மூடியேதான் இருந்தது. அவள் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. தன் கையை நீட்டி அவன் கைமேல் வைத்தாள், வைத்து அழுத்திக்கொண்டாள், அவன் கை சில்லென்று இருந்தது. வளைவு முடிந்தது, அடுத்த வளைவு வந்தது, அதுவும் முடிந்தது. முன்னால் சென்னியப்பன் ஃபேக்டரியில் புதிதாக வந்த மேனேஜரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினார். வீடு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை, அவனும் விலக்கவில்லை. அதைச் சென்னியப்பனிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும். ஒருவேளை அவன் சும்மா பிடித்துக்கொண்டிருந்திருப்பான், வளைவில் எல்லோரும் எதையாவது பிடித்துக்கொள்வார்கள்தானே, நான்கூட மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொள்வேனே, அது சும்மா பிடித்ததுதான், சும்மா பிடித்த கை ஏன் அவ்வளவு சில்லென்று இருந்தது?

ஆனால் சென்னியப்பனுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. அந்த வாரமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். மகன் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழற்றினார். துருப்பிடிச்சுப்போச்சு, புதுசு வாங்கி மாட்டணும், என்றார் கதவைப் பார்த்து. மகன், சரிப்பா, என்றான். புதுசு வாங்கவில்லை. திருகாணி இருந்த இடத்தில் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. அந்தக் கதவை ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தாழ்ப்பாள் இருந்தால் தட்டலாம், கூப்பிடலாம், ஆளைக் கூட்டி உடைக்கலாம், அதற்கெல்லாம் நேரம் ஆகும். இது விரலால் தள்ளினால் போதும். ஃபேக்டரிக்குப் போயிருக்கிற சென்னியப்பனுக்குப் போன் போடலாமா? அவன் இன்னும் இருமல, வாங்க, என்று சொல்வதா? இருமலைன்னா நல்லதுதானே, என்பார் அவர். அவருக்கு அந்த இருமல் என்னவென்று தெரியாது, அது அவளுக்கும் ஜன்னலுக்கும் மட்டும் தெரிந்தது. கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் வெள்ளைப் பழங்கள் கிடந்தன. தோள் வெளுத்தவை, பாதி பழுத்தவை, முனையில் மட்டும் சிவந்தவை, பச்சைக் கொட்டை மாதிரி இறுகி இருந்த இரண்டு. எப்போது இதையெல்லாம் பறித்தாள்? பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்துப் பழுக்கவேண்டியதெல்லாம் காலி. இலைகள் மல்லாந்து அடிப்பக்கம் காட்டிக் கிடந்தன. இனிப் பறிக்க ஒன்றுமில்லை.

கிண்ணத்தோடு பின்கதவு வழியாக உள்ளே போனாள். சமையலறையில் பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. காலைக் கழுவவேண்டும், செருப்பில் சாணி மண், அப்புறம் கழுவிக்கொள்ளலாம், இல்லை, கழுவிவிட்டே போகலாம், கழுவினால் இன்னும் கொஞ்ச நேரம். கழுவினாள். துடைத்தாள். மிதியடியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்தாள். படி ஏறும்போது கைப்பிடிச் சுவரில் யுகி சின்ன வயசில் காம்பஸால் கீறிய கோடு இருந்தது, அதற்கு அவள் அவனை அடித்திருக்கிறாள், நன்றாகவே அடித்திருக்கிறாள், அவன் அழவே இல்லை, அப்போதே அழமாட்டான், அழுதிருந்தால் தேவலை. மேலே வந்து நின்றாள். கதவு ஒட்டிச் சாத்தியிருந்தது. கதவில் காது வைத்தாள். அவளுடைய மூச்சுத்தான் அவளுக்குக் கேட்டது. மூச்சை அடக்கினாள், அப்போது நெஞ்சு அடிப்பது கேட்டது, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வேறு ஏதாவது கேட்கிறதா என்று பார்த்தாள், கேட்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கால் விரல்கள் தரையின் குளிரில் வளைந்துகொண்டன. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாமி, என்று சொன்னாள், கடவுளைச் சொன்னாளோ மகனைச் சொன்னாளோ, அவள் ஊர்ப் பக்கத்தில் இரண்டுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். பிறகு முழங்கையால் கதவைத் தள்ளினாள்.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை தோள்வரை. அவள் போர்வையையே பார்த்தாள். அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். திரைக்கு இந்தப் பக்கம் இருட்டாக இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. வியர்வையும் மாத்திரையும் கலந்த மாதிரி ஒரு அடைசல் வாசனை.

“கண்ணு.”

ஒன்றுமில்லை.

“யுகி. கண்ணு. பழம் கொண்டாந்திருக்கேன்.”

“ம்.”

அந்த ‘ம்’ அவளுக்குக் கேட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கும்மா அவ்வளவு நேரம் வெளிய நின்னே?” அவன் திரும்பவில்லை, சுவரோடு பேசினான்.

“இல்லயே. இப்பத்தான் வந்தேன்.”

“நீ படியேறினது கேட்டுச்சு.”

அவள் கிண்ணத்தை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

“இருமல் சத்தம் கேக்கலைன்னுதானே வந்தே?” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. இவனுக்கு எப்படித் தெரியும்? யாரிடமும் சொல்லவில்லையே.

“தெனமும் நீ பின்கதவைத் திறக்கறது இங்க கேக்கும். அப்புறம் உன் செருப்புச் சத்தம் பாத்திகிட்ட போய் நின்னுரும். நான் இருமினதுக்கப்புறம்தான் நீ வேலையவே ஆரம்பிப்பே. ரொம்ப நாளாத் தெரியும். உனக்காகத்தான் இருமறது.” மூச்சு வாங்கிக்கொண்டான். பேசுவதற்கே தெம்பைச் சேர்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. “இன்னைக்கும் கதவு திறந்தது கேட்டுச்சும்மா. இருமணும்னுதான் நெனச்சேன். இருமு இருமுன்னு சொல்லிப் பாத்தேன். அதுகூட முடியல.”

கோகிலவாணி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அவள் கை அதை எங்கே வைத்தது என்று பார்க்கவில்லை. இத்தனை நாளாக அவன் உடம்பு தானாகச் செய்கிறது என்று நினைத்து அவள் காது கொடுத்துக் கேட்ட அந்தச் சத்தம், அவன் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்க முடியாமல், தின்ன முடியாமல், குளிக்க முடியாமல் கிடந்தும், அவளுக்காக மட்டும் எப்படியோ செய்துகொண்டிருந்த ஒரு வேலை. அதைச் செய்தபோதெல்லாம் அவள் கீழே பழம் பறித்தாள். அவன் இருமியது போதும் என்று பால் காய்ச்சப் போனாள். மேலே வந்து ஒருநாள்கூட எப்படி இருக்கே என்று கட்டிலில் உட்கார்ந்து கேட்கவில்லை. இருமிவிட்டானே, அப்புறம் எதற்குக் கேட்பது. இப்போது அதுவும் அவனுக்கு முடியவில்லை என்றால் அவனிடம் இன்னும் என்ன மீதி இருக்கிறது? நேற்றுத் தட்டைத் துடைத்து வெளியே வைத்ததைப் பற்றிக் கேட்கவேண்டும். கேட்டால் அவன் பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

“முடியலைன்னா விடு சாமி” என்றாள். “இரும வேண்டாம். நீ எதுவும் பண்ண வேண்டாம். நானே தெனமும் வந்து பாத்துக்கறேன்.”

“சரிம்மா.”

“ஒரு பழம் திங்கறயா?”

“வேண்டாம்மா.”

“சரி.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் நகரவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. கீழே வேலியோரத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர், “வாணி, வாணி” என்று கூப்பிட்டார், சர்க்கரை பற்றி ஏதோ சொன்னார், பதில் வராததால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிட்டார். போர்வை நழுவியிருந்த இடத்தில் பனியனுக்கு மேலே அவன் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. இவ்வளவு இளைத்துவிட்டானா? தினமும் சாப்பாடு வைக்கிறவளுக்குத் தெரியாமல் எப்போது இளைத்தான்? பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சட்டைக் காலர் பின்னால் இறுக்குகிறது என்பான், அவ்வளவு சதைப்பற்றாக இருப்பான். அவள் கையை அந்த முதுகில் வைத்தாள். அவன் கொஞ்சம் விறைத்தான், பிறகு விட்டுவிட்டான். உள்ளங்கைக்கு அடியில் மூச்சு மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மறுபடி ஏறுமா என்று அவள் காத்திருந்தாள். ஏறியது. டாக்டரைக் கூப்பிடவேண்டும், சென்னியப்பனைக் கூப்பிடவேண்டும், வளைவில் நடந்ததைச் சொல்லவேண்டும், இன்றைக்காவது சொல்லிவிடவேண்டும். போன் சமையலறையில் இருந்தது. எழுந்து போனால் கை எடுக்கவேண்டும். அவன் தூங்கிவிட்டானா விழித்திருக்கிறானா என்று தெரியவில்லை. வெயில் திரையின் ஓரத்தில் ஒரு கோடாக விழுந்து தரையில் நகரத் தொடங்கியது. கை தோளிலிருந்து மரத்துக்கொண்டே வந்தது, மணிக்கட்டு போனது, விரல்கள் போயின. மரத்துப்போன கைக்கு மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பதறிப்போய் மறு கையை வைத்துவிட்டு, பிறகுதான் அந்தக் கையை எடுத்தாள்.